பதினான்கு மில்லிமீட்டர்

ஜூன் 9
மழை: 0.0

இன்று பதினொன்றரை மணிக்கு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து. அலுவலக உதவியாளர் உலகநாதன் அண்ணாச்சி டீயை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உறையையும் வைத்தார். "வடிவு மேடம், இதுல ஒரு கையெழுத்து" என்றார். நான் ஒரு வாரிசுச் சான்று மனுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உறையைப் பிரித்தேன்.

ஒரே ஒரு தாள். "இணைப்பில் கண்டுள்ள குற்றச்சாட்டின் பேரில் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் அளிக்கும்படி..." கீழே கையெழுத்து, முத்திரை. அதற்கும் கீழே "இணைப்பு: மூன்று பக்கங்கள்."

உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஒரு குண்டூசி விழுந்தது.

வீட்டுக்கு வரும்போது அரைக்கீரையும் தயிரும் வாங்கினேன்.

ஜூன் 10
மழை: 0.0

என் கணவர் பரமசிவன் நெடுஞ்சாலைத் துறையில் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு நான்கு குறிப்பாணைகள் வந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு வந்ததற்கு அவர் எழுதிக் கொடுத்த பதில்களுக்கு எண்ணிக்கை இல்லை. ஊரில் சிலர் ஜாதகம் பார்க்கப் போவதுபோல அவரிடம் குறிப்பாணையோடு வருவார்கள்.

காலையில் தோசைக்கு நடுவில் காட்டினேன்.

"இணைப்பு இல்லையா? நல்லதாப் போச்சு" என்றார்.

"இதுல என்ன நல்லது?"

"குத்தம் என்னன்னே தெரியாதவ தப்பாப் பதில் சொல்ல முடியாதுல்லா." சட்னியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எழுதும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. 'செய்யவில்லை'ன்னு எழுதப்பிடாது. 'கவனத்துக்கு வரவில்லை'ன்னு எழுதணும். செய்யலன்னு எழுதினா நீ செஞ்சேன்னு அவன் காட்டுவான். கவனத்துக்கு வரலைன்னா அவன் என்னத்தைக் காட்டுவான்?"

பிறகு, "சரி, நீ என்ன செஞ்ச?" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யல."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுவான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேள்வி முடிவதற்கு முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன் என்பதைப் பிறகு பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12
மழை: 1.2

சாரல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் தேதிக்குக் கீழே மழையை எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேலக்கரை வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர் வேலையோடு மழைமானி வாசிக்கும் வேலையும் பதினொரு வருடமாக என்னுடையது. "நீங்க பிசிக்ஸ் படிச்சவங்கதானே" என்று சொல்லி யாரோ ஒரு தாசில்தார் என் தலையில் கட்டினார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மழை என்னிடம் இருக்கிறது.

வளாகத்தின் மூலையில் கம்பி வேலிக்குள் மழைமானி நிற்கிறது. மேலே புனல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் குப்பி. காலை எட்டரைக்குக் குப்பியை எடுத்து, அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குவளை இருபது மில்லிமீட்டர் வரைதான் கொள்ளும். அதற்கு மேல் பெய்திருந்தால், ஒரு குவளையை நிரப்பிக் கீழே கொட்டிவிட்டு ஒன்று என்று எண்ண வேண்டும். மறுபடி நிரப்பிக் கொட்டி இரண்டு. கடைசியில் மிஞ்சுவதை அதோடு கூட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

எட்டே முக்காலுக்குள் மாவட்ட வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட வேண்டும். பிறகு பதிவேட்டில் மையால் எழுத வேண்டும். மேலக்கரையில் நூறு மில்லிமீட்டருக்கு மேல் என்றால், பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே இருக்கும் தரைப்பாலத்தை உடனே தடுப்பு வைத்து அடைத்துவிடுவார்கள். மலைத் தண்ணீர் அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

ஜூன் 13
மழை: 0.4

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். அந்தப் பிரிவு எழுத்தர் இளைஞர். நாற்காலி கொடுத்தார். மேசையில் வறுத்த கடலை இருந்தது, அதையும் என் பக்கம் தள்ளினார்.

"இணைப்புகளோட பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்."

"உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. அதுக்காக அது கையெழுத்து இல்லைன்னு ஆயிருமா?"

"சரி, ஒரு நகலாவது கொடுங்க."

"தாராளமா. என்ன பொருள் பத்தின குற்றச்சாட்டுன்னு குறிப்பிட்டு ஒரு மனுக் கொடுங்க."

"அது தெரியாமத்தானே தம்பி வந்திருக்கேன்."

அவர் உண்மையாகவே யோசித்தார். "பொருள் இல்லாத மனுவை எந்த சீட்டுக்கு அனுப்புறது மேடம்?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன்.

ஜூன் 16
மழை: 2.0

ஆவுடையம்மாள் வந்திருந்தாள். மாதம் ஒருமுறை வருகிறாள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். எப்போதும் ஒரு கறுப்புக் குடை, எஃகுப் பிடி போட்டது. அவள் கணவருடையது.

கணவர் சங்கரபாண்டி பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் வாங்குகிறவர். போன நவம்பர் 17 அன்று காலை டி.வி.எஸ்.ஸில் மூட்டையோடு தரைப்பாலத்தைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே அப்போது வெயில். மாலையில் போலீஸ் போனபோது தண்ணீர் வடிந்துவிட்டது. பாலத்துக்குக் கீழே டி.வி.எஸ். கிடந்தது, கரையில் மூட்டை கிடந்தது. மூட்டை நிறைய காலி பிராந்தி பாட்டில். மேலக்கரையில் எவ்வளவு மழை என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பதினான்கு மில்லிமீட்டர். பதினான்குக்கு அந்தப் பாலத்தில் கணுக்கால்கூட நனையாது. ஆகவே, குடிபோதையில் தவறி விழுந்து இறந்தார் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"அவரு வாழ்நாள்ல ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா" என்றாள் ஆவுடையம்மாள். ஒவ்வொரு முறையும் இதில்தான் ஆரம்பிப்பாள். "பாட்டிலு யாவாரத்துக்கு வாங்கினது. பேப்பர் வாங்குதவன் மூட்டையில பேப்பர் இருந்தா அவன் படிச்சவன்னு எழுதுவாகளா?"

அவள் மகள் முத்துச்செல்விக்குப் பேசி முடித்த சம்பந்தம் இதனால் நின்றுபோனது. குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தவன் மகள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"ஜனவரியிலயே மழைச் சான்று கொடுத்தாச்சே ஆவுடையம்மா."

"அதுல பதினாலுன்னு போட்டிருக்கு. அன்னைக்குப் பேய்மழைல்லா. வேற நோட்டு எதுவும் இருக்காம்மா?"

"ஒரே நோட்டுதான்."

"அந்த நோட்டு அன்னைக்கு எங்க இருந்துச்சு?"

எழுத்துமூலம் மனுக் கொடுக்கச் சொன்னேன். என்ன பொருள் என்று தெளிவாகக் குறிப்பிடும்படி சொன்னேன்.

ஜூன் 17
மழை: 0.0

நேற்று ஆவுடையம்மாளைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

ஜூன் 19
மழை: 0.8

என் மீது என்ன குற்றம் இருக்க முடியும் என்று மதிய உணவு நேரத்தில் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். மார்ச்சில் ஒருநாள் நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். அலுவலகப் பசை டப்பா ஒன்று வீட்டில் இருக்கிறது. தேர்தல் பயிற்சி வகுப்பில் தூங்கினேன். ஒரு முதியோர் உதவித்தொகை மனுவைத் தவறான கட்டில் வைத்து இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன். பதினேழு வரை எழுதியபோது தாள் முடிந்தது.

நவம்பர் 17 அதில் இல்லை. அன்று அளந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி வந்தது. குவளைகளை எண்ணுவதில் கவனம் தவறியிருக்கலாம். அது பிழை. பிழையும் குற்றமும் வேறு வேறு என்று கல்லூரியில் முதல் செய்முறை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜூன் 20
மழை: 6.4

இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் 6.4.

மாவு புளித்துவிட்டது.

ஜூன் 22
மழை: 0.0

ஞாயிறு. பரமசிவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விளக்கத்தை எழுத உட்கார்ந்தேன். "கவனத்துக்கு வரவில்லை" என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. துணி துவைத்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். பிறகு நான்கு பக்கம் நிற்காமல் எழுதினேன்.

எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் 19ஆம் தேதி இதில் எழுதியது சரியல்ல.

அன்று நான் அலுவலகம் வரும்போதே எட்டு ஐம்பது. இரவெல்லாம் பெய்து விடிந்ததும் நின்றிருந்தது. குப்பியை எடுத்தேன், கனத்தது. குவளையில் ஊற்றிக் கொட்டத் தொடங்கினேன். தொலைபேசி அடித்தது. "மேலக்கரை மட்டும்தான் பாக்கி மேடம்" என்றார்கள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே ஊற்றினேன், கொட்டினேன். கடைசிக் குவளையில் பதினான்கு நின்றது. "பதினாலு" என்றேன். "பதினாலு, சரி" என்று வைத்துவிட்டார்கள்.

குனிந்து பார்த்தேன். என் செருப்பு முங்கியிருந்தது. தண்ணீர் வேலியைத் தாண்டி வாசல்வரை ஓடியிருந்தது. அரைக் குவளைத் தண்ணீர் அப்படி ஓடாது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை குவளை என்று மட்டும்தான் தெரியவில்லை.

உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஒருமுறை எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டுக் குழுவில் திருத்தியிருந்தேன். அதற்குத் தாசில்தார், "வடிவு மேடம் சொன்னா மழை திரும்பி மேல போயிரும்" என்று போட்டார். நாற்பது பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். மறுபடியும் அந்தப் பொம்மைகளைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டில் 14.0 என்று எழுதினேன். அழகாக எழுதினேன்.

சங்கரபாண்டி பாலத்துக்கு வந்தது பதினொன்றேகால். என்னிடம் இரண்டரை மணி நேரம் இருந்தது.

ஜூன் 23
மழை: 0.0

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பரமசிவன் மாலையில் நகலைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார்.

"நாலு பக்கமா? யாராவது நாலு பக்கம் எழுதுவாகளா? 'மறுக்கிறேன்'. ஒரு வரி போதும்ல்லா."

"மறுக்க முடியாதுங்க."

"உன்னை யாரு இதைக் கேட்டா?"

"குறிப்பாணை கேட்டுச்சு."

"அது என்ன கேட்டுச்சுன்னே உனக்குத் தெரியாதே, வடிவு!"

அவர் நகலை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டி வருமோ?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். இருபத்தாறு வருடம் எல்லாருக்கும் பதில் எழுதிக் கொடுத்தவர்.

ஜூலை 18
மழை: 11.6

பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் பதினொன்றரைக்கு உலகநாதன் அண்ணாச்சி தபால் கட்டோடு வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அவர் டீயை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

இதைப் பயம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. வாய்தா போட்ட பல்வலி மாதிரி இருக்கிறது. ஆவுடையம்மாள் இந்த மாதம் வரவில்லை.

ஆகஸ்ட் 11
மழை: 0.0

விசாரணை. பக்கத்துக் கோட்டத்திலிருந்து வந்த திரு. கனகசபாபதி விசாரணை அலுவலர். வயதானவர், சுத்தமான கைகள். கோப்பைத் திறந்து மூன்று தாள்களை எடுத்தார். இணைப்பு. அதை இன்றுதான் பார்க்கிறேன்.

முதல் பக்கத்தைப் படித்தார். சென்ற ஜனவரி 8 அன்று உயர் அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது, மழைமானியின் பாதுகாப்பு வேலியில் ஈரக் குடை ஒன்றை உலர்த்தியதன் மூலம் அரசு உபகரணத்தின் மாண்புக்கு நான் குந்தகம் விளைவித்தேன். இரண்டாம் பக்கம் வேலியின் வரைபடம். குடை தொங்கிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. மூன்றாம் பக்கம் சாட்சியின் வாக்குமூலம். குடை கறுப்பு, பிடி எஃகு.

"குடை உங்களுதா?"

"இல்ல சார். சான்று வாங்க வந்த ஒரு அம்மாவோடது."

"அந்த அம்மா பேரு?"

"ஞாபகம் இல்ல சார்" என்றேன். பரமசிவன் சொல்லிக் கொடுத்ததை இன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன்.

அவர் என் நான்கு பக்கங்களை எடுத்தார். "இதை முழுக்கப் படிச்சேம்மா. இதுல குடையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே."

"இணைப்பு எனக்கு வரல சார்."

"வந்ததாக் கையெழுத்து இருக்கு. சரி, விடுங்க. ஏதோ நவம்பர் மழைன்னு எழுதியிருக்கீங்க."

"அதுதான் சார் நான் செஞ்சது. அதனால ஒருத்தர் செத்துப்போனார்."

"இந்தக் குற்றச்சாட்டுல அது இல்லையே."

"இல்லதான். ஆனா அது நடந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேட்டுல பதினாலுன்னு இருக்கு. மாத அறிக்கை போயாச்சு. வருஷப் புத்தகமும் அச்சாயிருச்சு. நீங்க பதினாலு இல்லைங்கிறீங்க. அப்ப எவ்வளவு?"

"தெரியாது சார். குவளைக்கு இருபது. முப்பத்துநாலா இருக்கலாம். நூத்தி எழுபத்துநாலாவும் இருக்கலாம்."

"தெரியலைங்கிறதை எந்தக் கட்டத்துல எழுதச் சொல்றீங்க?"

கேலி இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்தால் எழுதியிருப்பார் என்றே தோன்றியது. நான்கு பக்கங்களையும் நீளவாக்கில் மடித்து என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்கோங்கம்மா. கோப்புல இருந்தா உங்களுக்குத்தான் சங்கடம்."

வாங்கிக்கொண்டேன். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 29
மழை: 0.0

ஆணை வந்துவிட்டது. "மேற்படி பணியாளர் பதினோராண்டுகளாகப் பராமரித்துவரும் மழைப் பதிவேட்டைப் பார்வையிட்டதில், அடித்தலோ திருத்தலோ ஓரிடத்தில்கூடக் காணப்படவில்லை. மழைமானியின்பால் அவருக்குள்ள மதிப்பு இதனால் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது. எனவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது."

தாசில்தார் ஜெபராஜ் சார் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். "நம்ம ஆபீசுக்கே பெருமை. மத்த சீட்டெல்லாம் பாத்துக் கத்துக்கோங்கய்யா" என்றார். பரமசிவன் அல்வா வாங்கி வந்தார். கால் கிலோ. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார்.

நன்றாக இருந்தது அல்வா. அதையும் எழுத வேண்டும்.

செப்டம்பர் 4
மழை: 0.0

காலையில் குப்பியைத் திறந்தேன். உள்ளே ஓர் எறும்பு. காய்ந்த குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோடு கோடாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "மேடம், மழையே இல்லையே" என்றார் உலகநாதன் அண்ணாச்சி.

செப்டம்பர் 15
மழை: 0.0

மதியம் ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இன்னும் இரும்பும் அட்டையும் கிடந்தன. முத்துச்செல்வி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். ஆவுடையம்மாள் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, முந்தானையால் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். நான்கு பக்கத்தில் எழுதியது, சொல்லும்போது சின்னதாக இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தப்புன்னு ஒடனே தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"பொறவு ஏம்மா சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சு."

"கூச்சமா?" என்றாள். "நான் எட்டு மாசமா உங்க ஆபீஸ் வாசல்ல ஏறி எறங்குதேன். குடிகாரன் பொஞ்சாதின்னு அந்த ஏட்டு மூஞ்சிக்கு நேராச் சொல்லுதான். எனக்குக் கூச்சம் இல்லையாம்மா?"

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அவள் வாசலுக்குப் போய், "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"சரி, எவ்வளவுதான் பெஞ்சுது?"

"தெரியாது. எண்ணல நான்."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

பின்பக்கம் போய் ஒரு சதுர எண்ணெய் டின்னைத் தூக்கி வந்தாள். மேல்மூடியை வெட்டி எடுத்தது. "இது கவுத்திக் கெடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி மொதத் தூத்தல் விழவும் அவருதான் முத்தத்துல நிமித்தி வச்சாரு, மழைத்தண்ணி குளிக்க நல்லதுன்னு. காலையில மழை விட்டதும் துணி முக்கப் பத்துமான்னு நான் கைய விட்டுப் பாத்தேன்." டின்னுக்குள் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவிரலை மேலே நீட்டினாள். "ஒரு சாணுக்கு நாலு வெரக்கடை கம்மி."

அந்த டின்னின் பக்கங்கள் நேரானவை. திறந்த முற்றத்தில் நேரான பக்கமுள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன். அவள் கையைப் பிடித்தேன். சொரசொரப்பான கை, பிடித்ததும் விறைத்தது, பிறகு விட்டுக் கொடுத்தது. சாண் 20.1 சென்டிமீட்டர். நான்கு விரல் 7.0. மிச்சம் 131 மில்லிமீட்டர்.

கை அளவில் பிழை இருக்கும். ஆனால் கடைசிக் குவளை பதினான்கு என்பது எனக்குத் தெரியும். ஆகவே பதினான்கோடு இருபது இருபதாகத்தான் கூட முடியும். 114, 134, 154. நடுவில் வேறு எண்ணே கிடையாது. 131க்குப் பக்கத்தில் இருப்பது 134.

ஆறு குவளை. ஆறு முறை குனிந்து கொட்டியிருக்கிறேன்.

"எவ்வளவும்மா?" என்றாள்.

"நூத்தி முப்பத்துநாலு."

"அதை எழுதித் தருவியளா?"

செப்டம்பர் 16
மழை: 0.0

எட்டரைக்கு அளந்து பூஜ்யம் எழுதிய பிறகு, நவம்பர்ப் பக்கத்தைத் திறந்தேன். 14.0 என்பதன் மேல் ஒரே கோடு. பக்கத்தில் 134.0. கீழே சுருக்கொப்பம், இன்றைய தேதி. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: "முழுக் குவளைகள் ஆறும் அப்போது சேர்க்கப்படவில்லை. பிழை என்னுடையது. எண்ணிக்கைக்கு ஆதாரம்: திருமதி ஆவுடையம்மாளின் கை." மை காயும்வரை ஊதினேன்.

புதிய மழைச் சான்றைத் தட்டச்சு செய்து, மாலையில் தாசில்தார் கையெழுத்துக்குப் போகும் நாற்பது தாள்களுக்கு நடுவில் வைத்தேன். அவர் போனில் பேசிக்கொண்டே நாற்பதிலும் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 17
மழை: 3.2

ஆவுடையம்மாள் சான்றை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் வரும். எண்ணை விரலால் தொட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

பரமசிவனிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "அடிச்சுத் திருத்தினியா, இல்ல வெள்ளை மை வச்சு அழிச்சியா?"

"அடிச்சுத்தான். பழைய எண்ணு தெரியும்."

"ம்" என்றார். "அது ஒண்ணாவது முறையாச் செஞ்சிருக்க."

அக்டோபர் 9
மழை: 18.8

போலீஸ் நிலையத்தில் இரண்டு சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே நாள், ஒரே முத்திரை, வேறு எண். எது சரி என்று எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். தாசில்தார் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். குறிப்புக் கட்டத்தை இரண்டு முறை படித்தார்.

"என்ன மேடம் இது? கையா? யாரு கை?"

சொன்னேன்.

"பதினோரு வருஷம் ஒரு அடித்தல் இல்லாத நோட்டு!" என்றார். துக்க வீட்டில் பேசுவதுபோல இருந்தது. "இதைப் பாத்துத்தானே உங்களை விட்டாங்க?"

"ஆமா சார்."

"நானும்லா மாட்டுவேன். என் கையெழுத்து இருக்கே."

"படிக்காமப் போட்டேன்னு சொல்லிருங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடுறோம்."

அக்டோபர் 24
மழை: 41.0

இரண்டு முழுக் குவளை, மிச்சம் ஒரு மில்லிமீட்டர். எண்ணும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். உலகநாதன் அண்ணாச்சி பழகிவிட்டார்.

இன்று வேலிக்கு வெளியே ஆவுடையம்மாள் நின்றிருந்தாள். சந்தைக்குப் போகிற வழி என்றாள். சந்தை எதிர்ப்பக்கம். நான் குவளையைத் தூக்கிப் பிடித்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"வழக்கைத் திரும்ப எடுக்காகளாம்" என்றாள். "மூட்டையில இருந்த பாட்டிலுக்கு மூடியே இல்ல, யாவாரத்துக்கு வாங்கினதுதான்னு இப்பத்தான் ஒருத்தன் பாத்திருக்கான்." பிறகு, "அந்தச் சம்பந்தம் போனது போனதுதான். முத்துச்செல்வி வேண்டாமுன்னுட்டா" என்றாள்.

பேசும்போது நனைந்த குடையை வேலியில் மாட்டியிருந்தாள். எடுக்கச் சொல்லவில்லை நான்.

நவம்பர் 3
மழை: 22.6

பதினொன்றரைக்கு உலகநாதன் அண்ணாச்சி வந்தார். டீயை வைத்தார். உறையை வைத்தார். இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வடிவு மேடம், இதுல ஒரு கையெழுத்து."

"இருங்க அண்ணாச்சி."

உறையைப் பிரித்தேன். மேலே குறிப்பாணை. அதற்குக் கீழே இணைப்பு. விரலில் எச்சில் தொட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் படித்தேன். அரசுப் பதிவேட்டில் அதிகாரமின்றித் திருத்தம் செய்தது. பக்க எண், தேதி, பழைய அளவு, புதிய அளவு, குறிப்புக் கட்டத்தில் நான் எழுதிய வாசகம், எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. ஆவுடையம்மாளின் கைகூட இருந்தது.

உலகநாதன் அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"இணைப்புகளுடன் பெற்றுக்கொண்டேன்" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

விளக்கத்துக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பரமசிவன் சொன்னதுபோல ஒரு வரி போதும், ஆனால் 'மறுக்கிறேன்' அல்ல. இன்றே எழுதிவிடுவேன்.